பெருந்தொற்றுக் காலத்தில் கல்வியாண்டைத் தள்ளிவைப்பது சரியா?

முதல்மணி:

2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்ல முடியாமல் வீட்டில் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. கல்வியாண்டு மட்டும் யாருக்காகவும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆண்டின் பெரும்பகுதி வகுப்பறையையே காணாத குழந்தையும் ஆண்டு முடிந்ததும் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டது. அதைத் தேர்ச்சி என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

எனவே ஒரு முன்மொழிவை வைக்கிறேன். இனியொரு பெருந்தொற்று வந்து பள்ளிகள் எட்டு வாரங்களுக்கு மேல் மூடப்பட்டால், மூடப்பட்ட காலத்தின் அளவுக்கு அடுத்த கல்வியாண்டின் தொடக்கமும் தானாகவே தள்ளிப்போக வேண்டும். அதற்கான சட்டத்தை நோய் வந்த பிறகு அவசரமாக இயற்றாமல், அமைதியான காலத்திலேயே இயற்றி வைக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் பள்ளி திறக்கும் நாள் ஜூன் முதல் திங்கட்கிழமைக்கும் ஆகஸ்டு இறுதிக்கும் இடையில்தான் அமைய வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. நெருக்கடிக் காலத்தில் குடியரசுத் தலைவர் அதை மாற்றி அறிவிக்கலாம் என்று 2020 ஜூலையில் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வழியை நாம் ஏன் பின்பற்றக்கூடாது?

கரும்பலகை:

நான் பத்தொன்பது ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். தங்கள் கவலையில் பாதி என்னுடையதும்கூட. ஆனால் தாங்கள் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளி திறக்கும் நாள் தனித்து நிற்கும் ஒன்றன்று. முதல் வகுப்பில் சேரும் வயது, பொதுத்தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கு ஆள் எடுக்கும் காலம், பெற்றோரின் விடுப்பு, வெயில், மழை என எல்லாமே அந்த ஒரு நாளோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே 2020 மார்ச் தொடக்கத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரலில் தொடங்க வேண்டிய கல்வியாண்டைச் செப்டம்பருக்கு மாற்றலாம் என்ற பேச்சு அந்த ஏப்ரல் இறுதியில் வலுத்தது. டோக்கியோ ஆளுநரே அதை ஆதரித்தார். கல்வி அமைச்சகம் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. ஒரே ஆண்டில் மாற்றினால், பதினேழு மாதங்களில் பிறந்த குழந்தைகள் அனைவரும் ஒரே முதல் வகுப்பில் சேர வேண்டியிருக்கும்; அதாவது வழக்கத்தைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு. அத்தனை பேருக்கும் வகுப்பறையும் ஆசிரியரும் எங்கிருந்து வருவார்கள்? அந்தக் கூட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே நகர்ந்துபோய், கடைசியில் கல்லூரி வாசலிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமே. ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு மாதமாக நகர்த்தலாம் என்ற மாற்றுத் திட்டமும் இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களைத் திருத்த வேண்டும் என்று தெரிந்ததும், ஜூன் மாதத்திலேயே அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

தாங்கள் காட்டும் பிலிப்பைன்ஸுக்கே வருகிறேன். ஜூனில் தொடங்கும் வழக்கமுடைய பள்ளிகள் 2020-இல் அக்டோபர் 5 அன்று, அதுவும் வீட்டிலிருந்தே கற்கும் முறையில் தொடங்கின. ஒருசில பள்ளிகளில் சோதனை முயற்சியாக நேரடி வகுப்பு தொடங்குவதற்கே 2021 நவம்பர் ஆகிவிட்டது. நாட்காட்டி தள்ளிப்போனதே தவிர, குழந்தை வகுப்பறைக்கு வரவில்லை. ஆண்டின் பின்பகுதி கடும் வெயில் மாதங்களில் விழுந்ததால், 2024 ஏப்ரல் இறுதியில் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளின் நேரடி வகுப்புகளையே நிறுத்திவைக்க நேர்ந்தது. பள்ளி திறப்பு மீண்டும் ஜூனுக்குத் திரும்பியது 2025-இல்தான்.

நாட்காட்டி:

ஒரு வரலாற்றுச் செய்தியை மட்டும் சேர்க்கிறேன். மேற்கு ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்கள் 1966–67-இல் கல்வியாண்டின் தொடக்கத்தை வசந்தகாலத்திலிருந்து கோடையின் இறுதிக்கு மாற்றின. அதற்காக இரண்டு குறுகிய கல்வியாண்டுகளை நடத்தினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு மாதம். யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கெ என்ற பொருளியலாளர் அந்த மாணவர்களின் பிற்கால வாழ்க்கையை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடக்கப்பள்ளியில் அதே வகுப்பில் மீண்டும் படித்தவர்கள் அதிகரித்தார்கள், உயர்நிலைப் பிரிவுகளுக்குச் சென்றவர்கள் குறைந்தார்கள், ஆனால் பிற்கால வருமானத்திலோ வேலைவாய்ப்பிலோ பாதிப்புத் தென்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே கல்வியாண்டை நகர்த்தவே முடியாது என்பதும் சரியல்ல. திட்டமிட்டு நகர்த்துவதும் நோய்க்கு அஞ்சி நகர்த்துவதும் வேறுவேறு என்பதே என் கருத்து.

வெண்சுண்ணம்:

மூவரும் குழந்தையைப் பற்றியும் கல்வியாண்டைப் பற்றியும் பேசுகிறீர்கள். வகுப்பின் முன்னால் நிற்கும் ஆசிரியரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நான் மேல்நிலை வகுப்பு ஆசிரியர். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட என் துணைவியார் வீட்டில் இருக்கிறார். பள்ளி திறக்கிறது என்ற அறிவிப்பை மற்றவர்கள் மகிழ்ச்சியோடு வாசித்த நாளில், மாலையில் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுவீடனில் 2020 மார்ச்சில் மேல்நிலை வகுப்புகள் இணையவழிக்கு மாறின; கீழ் வகுப்புகள் நேரடியாகவே நடந்தன. இரு பிரிவு ஆசிரியர்களையும் ஒப்பிட்ட ஆய்வு, நேரடியாகப் பாடம் நடத்தியவர்களுக்குத் தொற்று உறுதியாகும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்ததாகக் கண்டது. பெற்றோருக்குக் கூடிய அபாயம் சிறிதுதான். ஆசிரியருக்குக் கூடியது சிறிதன்று. இஸ்ரேலில் 2020 மே மாதத்தில் பள்ளிகள் முழுமையாகத் திறந்த சில நாட்களிலேயே எருசலேமின் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று பரவியது.

எனவே நண்பர் முதல்மணி சொல்வது போலத் திறப்பைத் தள்ளிவைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூடப்பட்ட வாரங்களை எண்ணித் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. காற்றோட்டம் சரியான வகுப்பறையும், ஆசிரியருக்கான தடுப்பூசியும், ஊரின் தொற்று நிலவரமும்தான் நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

கரும்பலகை:

ஐயா, தங்கள் துணைவியார் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். தாங்கள் எழுப்பிய கேள்வியை நான் முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டும். முதியோருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் அடுத்து ஆசிரியருக்குத் தடுப்பூசி என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் எருசலேம் நிகழ்வை முழுமையாகப் பார்க்க வேண்டும். கடும் வெப்ப அலையின் காரணமாக மூன்று நாட்கள் முகக்கவசத்திலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள். குளிர்சாதனம் இடைவிடாது ஓடியது. ஒரு வகுப்பில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் நெருங்கி அமர்ந்திருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று டென்மார்க் வேறு விதமாகத் திறந்தது. மழலையர் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான வகுப்புகளையும் முதலில் திறந்தார்கள். சிறு குழுக்களாகப் பிரித்து, இருக்கைகளை விலக்கிவைத்து, அடிக்கடி கை கழுவச் செய்து, முடிந்த பாடங்களைத் திறந்தவெளியில் நடத்தினார்கள். இரு நாடுகளும் ஒரே வசந்தத்தில்தான் பள்ளிகளைத் திறந்தன. யாரை முதலில் அழைப்பது, எப்படி அமரவைப்பது என்பதில்தான் வேறுபட்டன. பதினாறு வயது மாணவர் இணையவழியில் ஓரளவு தாக்குப்பிடிப்பார். ஆறு வயதுக் குழந்தைக்குத் திரை வழியே எழுத்தறிவிக்க முயன்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நடக்கவில்லை.

நல்ல இணைய வசதி கொண்ட நெதர்லாந்திலேயே எட்டு வாரப் பள்ளி மூடலுக்குப் பிறகு மாணவர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு கற்றலை இழந்திருந்தார்கள். எட்டு வாரம் என்பதும் ஏறக்குறைய அதே பங்குதான். வீட்டிலிருந்து கற்றது மிகச் சொற்பம் என்பதே அதன் பொருள். கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது.

முதல்மணி:

தாங்கள் தந்த சான்று என் வாதத்தையே வலுப்படுத்துகிறது, அம்மா. இழந்த ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தராமல் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது எப்படி நியாயமாகும்? 2005-இல் பாகிஸ்தானின் வடபகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பள்ளிகள் சராசரியாக பதினான்கு வாரங்கள் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, பாதிக்கப்பட்ட பகுதியின் குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். பதினான்கு வாரம் ஒன்றரை ஆண்டாக வளர்ந்தது ஏன்? இழந்ததை ஈடுசெய்யாமல், நாட்காட்டிப்படி அடுத்த பாடத்துக்குப் போனதால்தான். கல்வியாண்டைத் தள்ளிவைத்திருந்தால் அந்தப் பதினான்கு வாரமும் கைக்கு வந்திருக்கும்.

கரும்பலகை:

அந்த ஆய்வு என்னையும் பல இரவுகள் உறங்கவிடவில்லை. ஆனால் நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். பள்ளி மூடியிருந்தபோது ஏற்பட்ட இழப்பைவிட, பள்ளி திறந்த பிறகு கூடிய இழப்பே பெரிது என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஆசிரியர் இருந்தார், குழந்தையும் வந்தது, பாடமும் நடந்தது. நடந்த பாடம் அந்தக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் நடந்தது. தாய் தொடக்கக் கல்வியாவது முடித்திருந்த வீடுகளில் அந்தப் பின்னடைவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தாய்மார்கள் நாட்காட்டியை மாற்றவில்லை. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டு, அங்கிருந்து கையைப் பிடித்து நடத்தினார்கள்.

என் வகுப்பறையில் கண்டதைச் சொல்கிறேன். முதல் வகுப்பின் பாதியில் வீட்டுக்குப் போன குழந்தைகள் மூன்றாம் வகுப்பு மாணவர்களாக என்னிடம் வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தபோது, நாற்பது பேரில் பதினோரு பேரால்தான் முதல் பத்தியைத் தடையின்றி வாசிக்க முடிந்தது. ஒரு சிறுமி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவள் வாசித்ததை அப்படியே ஒப்பித்தாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் பட்ட பாடு என் கண்ணை விட்டு அகலவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒன்பது வாரம் எழுத்துக்கூட்டலும் கூட்டல் கழித்தலும் மட்டுமே நடத்தினேன். பாடப்பகுதி முடியவில்லை என்று மேலிருந்து விளக்கம் கேட்டார்கள். அன்று எனக்குத் தேவைப்பட்டது தள்ளிப்போன ஜூன் அல்ல. பாடத்திட்டத்தை நிறுத்திவைக்கும் அனுமதி. கல்வியாண்டைப் பதினான்கு வாரம் தள்ளிவைத்து, திறந்த முதல் நாளே மூன்றாம் வகுப்புப் பாடத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினால், தலைகீழான அந்தப் புத்தகம் அப்படியேதான் இருக்கும்.

தள்ளிவைப்பதில் இன்னொரு அபாயமும் உண்டு. தள்ளிவைத்த நாள் வந்ததும் மறுபடியும் தள்ளிவைக்கத் தோன்றும். உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் சில வகுப்புகளுக்கு மட்டும் திறந்து மீண்டும் மூடி, எல்லாருக்குமாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்று. அதற்குள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்விட்டார்கள், சிறுமிகள் தாயாகிவிட்டார்கள். அவர்களுக்கு எந்தக் கல்வியாண்டைத் திருப்பித் தருவது?

வெண்சுண்ணம்:

கென்யாவை விட்டுவிட்டீர்கள். 2020 ஜூலையில் அந்தக் கல்வியாண்டே இழக்கப்பட்டது என்று அறிவித்து, அனைவரும் அடுத்த ஜனவரியில் அதே வகுப்பைத் தொடங்கட்டும் என்றார்கள். பிறகு மனம் மாறி அக்டோபரில் மூன்று வகுப்பினரை மட்டும் அழைத்தார்கள். அதனால் 2021-ஆம் கல்வியாண்டு ஜூலையிலும் 2022-ஆம் கல்வியாண்டு ஏப்ரலிலும் தொடங்கின. பழைய ஜனவரித் தொடக்கம் 2023-இல்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பருவங்களைச் சுருக்கி, விடுமுறையைக் குறைத்து ஓட வேண்டியிருந்தது. தள்ளிவைத்த நாட்களைப் பின்னர் மாணவரும் ஆசிரியரும் மூச்சுவிடாமல் திருப்பிச் செலுத்தினார்கள். இதைப் படித்த பிறகு, தள்ளிவைப்பதற்கு நான் முன்பு தந்த ஆதரவைத் திரும்பப் பெறுகிறேன். காற்றோட்டத்தையும் தடுப்பூசியையும் பற்றிய நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல்மணி:

என் முன்மொழிவைத் திருத்துகிறேன். மூடப்பட்ட காலம் முழுவதற்குமாகத் தள்ள வேண்டாம். உச்சவரம்பாக ஆறு வாரம் போதும். கரும்பலகை அம்மா சொன்னபடி, திறந்த பிறகு முதல் எட்டு வாரம் பாடத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, ஒவ்வொரு குழந்தையும் எங்கே நிற்கிறது என்று கண்டறிந்து அங்கிருந்து கற்பிக்கப்பட வேண்டும். இளையோரே முதலில் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் ஒரே சட்டத்தில் இருக்கட்டும். ஆறு வாரம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், வெண்சுண்ணம் ஐயா கேட்கும் சன்னல்களைத் திறக்கவும் அறைகளைச் சீரமைக்கவும் யாராவது காலம் ஒதுக்கித் தர வேண்டும் என்பதே.

கரும்பலகை:

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நான் முழு மனத்தோடு கையொப்பமிடுகிறேன். முதலாவதை இன்னும் ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸில் 2020 ஆகஸ்டு 24 என்று ஏற்கெனவே தள்ளிவைத்திருந்த திறப்பு நாளை அக்டோபர் 5-க்கு மறுபடியும் தள்ளினார்கள். எண்ணிப் பாருங்கள், அதுவும் சரியாக ஆறு வாரம்தான். சன்னல்களைச் சீரமைக்க வேண்டியது பள்ளி பூட்டியிருக்கும்போது. பூட்டுத் திறக்க வேண்டிய நாளில் தொடங்கும் வேலையல்ல அது. அந்த ஆறு வாரம் சட்டத்தில் இருக்கத்தான் வேண்டுமென்றால், பழைய தொடக்க நாளுக்கு எந்த ஆண்டுக்குள் திரும்புவோம் என்பதையும் அதே பிரிவில் எழுதித் தாருங்கள். அந்த வரி இல்லாத வரைவுக்கு என் எதிர்ப்பு தொடரும்.

முதல்மணி:

எழுதித் தருகிறேன், அம்மா. இரண்டு ஆண்டு என்று போடலாமா என்று யோசிக்கிறேன். கென்யாவுக்கே ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.