கிண்டியில் சிவில் படித்தவர் பேச்சு ஆராய்ச்சிக்குப் போன கதை

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் பொறியியல் முடித்ததும் வேலைக்குப் போவதா, ஆராய்ச்சிக்குப் போவதா என்று இங்கே நடக்கும் பேச்சை வாசித்து வருகிறேன். மகளை ஆராய்ச்சிக்கு எங்கே சேர்ப்பது என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். பிஎச்டி முடித்தால் கடைசியில் வாத்தியார் வேலைதானே என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாத்தியார் வேலையில் எவ்வளவு அடங்கும் என்று சொல்ல, மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியின் முன்னோடி ராஜ் ரெட்டியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

1937இல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்தவர்; அப்போது அது சென்னை மாகாணம். விவசாயக் குடும்பம், கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். 1958இல் கிண்டியில் சிவில் முடித்தார். ஆஸ்திரேலியாவில் எம்டெக், கொஞ்ச காலம் ஐபிஎம் வேலை, பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜான் மெக்கார்த்தியிடம் ஆராய்ச்சி. 1966இல் பிஎச்டி. 1969இல் அமெரிக்காவிலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் கணினிக்குப் புரியும் என்றிருந்த காலம் அது. நாம் இயல்பாகப் பேசும்போது சொற்களுக்கு நடுவில் இடைவெளியே இருப்பதில்லை. ஒரு சொல்லின் கடைசி ஒலி அடுத்த சொல்லுக்குள் கரைந்துவிடும். ஒரே ஆள் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னாலும் ஒலி அலை ஒன்றுபோல் வராது. 1971இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை ஓர் இலக்கு வைத்தது: ஐந்து ஆண்டுக்குள், ஆயிரம் சொற்களுக்குள் அமைந்த தொடர் பேச்சைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும்.

ரெட்டியின் குழு ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஹியர்சே-2 என்ற அமைப்பில் ஒலி அறிந்த நிரல், சொல் அறிந்த நிரல், இலக்கணம் அறிந்த நிரல் என்று பல உண்டு. ஒவ்வொன்றும் தன் ஊகத்தை ஒரு பொதுப் பலகையில் எழுதும். மற்றவை அதைப் பார்த்துத் தங்கள் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும். ஹார்ப்பி என்ற இன்னொன்று, வரக்கூடிய வாக்கியங்களை எல்லாம் ஒரே வலைப்பின்னலாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் தேறக்கூடிய பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். 1976இல் 1,011 சொற்களுடன் இலக்கைத் தொட்டது ஹார்ப்பிதான். அந்தத் தேடல் முறைக்கு பீம் சர்ச் என்று பெயர். இன்றைய பேச்சு நிரல்களிலும் மொழிபெயர்ப்பு நிரல்களிலும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை அவரிடம் படித்தவர்கள்தான். ஜேம்ஸ் பேக்கர் அங்கே படித்துவிட்டு, 1982இல் மனைவி ஜேனட்டுடன் டிராகன் சிஸ்டம்ஸ் என்ற பேச்சறி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கை-ஃபூ லீ 1988இல் உருவாக்கிய ஸ்பிங்க்ஸ், பேசுபவரின் குரலை முன்கூட்டிப் பழகாமலே தொடர் பேச்சை அறிந்துகொண்டது. லீ எடுத்தது புள்ளியியல் வழி, அதாவது நிறையப் பேச்சுப் பதிவுகளிலிருந்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடும் வழி. ரெட்டிக்கு அதில் உடன்பாடில்லை. இருந்தும் ஆதரித்தார் என்று லீயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன் கருத்துக்கு மாறாகப் போகும் மாணவருக்கு ஆய்வகத்தையும் பணத்தையும் திறந்துவிடும் வழிகாட்டி கிடைப்பது அபூர்வம். 1979இல் அங்கே ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநரானது, 1994இல் எட்வர்ட் ஃபைகன்பாம் என்ற கணினி அறிஞருடன் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றது எல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

இதற்கெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கார்னகி மெலனில் சில ஆண்டுகள் இருந்த பேராசிரியர் யக்ஞநாராயணா 1980இல் ஐஐடி மெட்ராஸுக்கு வந்து, பேச்சு ஆராய்ச்சியில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். அதே ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு எழுத்தைப் பேச்சாக்கும் குரல்களைச் செய்தது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்கள் வரைக்கும் அந்தக் குரல்கள் போயிருக்கின்றன.

தமிழில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய. ஒரு வினைச்சொல்லில் விகுதி சேரச் சேர நூற்றுக்கணக்கில் வடிவங்கள் முளைக்கின்றன. சொற்பட்டியலை வைத்து மட்டும் சமாளிக்க முடியாது. எழுதுவது ஒரு மாதிரி, பேசுவது வேறு மாதிரி. வட்டாரத்துக்கு வட்டாரம் அதுவும் மாறும்.

ஆகவே, மகளுக்காகக் கேட்டிருந்த அக்காவுக்கு: கல்லூரியின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன்னால், அவள் சேர நினைக்கும் பேராசிரியரிடம் முன்பு படித்தவர்கள் என்ன தலைப்பில் ஆய்வு செய்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் இரண்டு பேருக்காவது கடிதம் எழுதி, கருத்து வேறுபாடு வந்தபோது பேராசிரியர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்கட்டும். பேச்சு ஆராய்ச்சிக்காகப் பொதுமக்களின் குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்யலாம், மற்றவர் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கலாம். இந்தத் துறை அவளுக்குப் பிடிக்குமா என்று பார்க்க, இன்றைக்கே அதில் உட்காரலாம்.