நீலகிரி மலை ரயிலை முழு நீளமாகப் படமெடுக்க: கேமரா ஆலோசனை வேண்டும்

வணக்கம். நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்ஆர்கே 2009-இல் பெர்கன்–ஓஸ்லோ ரயில் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கு மேல் அப்படியே காட்டியது. ரியாலிட்டி ஷோக்களில் வருவதுபோல் சண்டையில்லை, எலிமினேஷன் இல்லை. ஆனாலும் நாடே பார்த்தது! சுரங்கம் வந்தால் பழைய காட்சிகளைச் செருகிச் சமாளித்தார்கள்.

அதே பாணியில் மேட்டுப்பாளையம்–குன்னூர் எடுக்க வேண்டும். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பக்கம் மறைக்காது, அது பெரிய வசதி. தொல்லை சுரங்கங்கள்தான். ஆட்டோ எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவைக் கேமராவே சரிசெய்வது) வெளியே வந்ததும் படம் வெளுக்கிறது; வெளி வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரைப் பூட்டினால் சுரங்கத்துக்குள் கும்மிருட்டு. எது மேல்?

4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. 30 நிமிடத்தில் தானே நிற்காத, சூட்டில் அணையாத கேமரா எது? செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜினின் பல் சக்கரம் தண்டவாள நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறும்போது வரும் அதிர்வுக்குக் கிளாம்ப் போதுமா, ரப்பர் மவுண்ட் வேண்டுமா? ரயில்வே அனுமதிக்கு எங்கே விண்ணப்பிப்பது?