முதல் முறை உதவி நடுவர்: எதிர்ப்பக்கத்தில் ஓடுபவரை ஆப்சைடு என்று தவறாகக் காட்டிவிடுகிறேன், எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர்: கொளத்தூர்_கொடி

வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு, 17 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து ஆட்டம் ஒன்றில் முதன்முறையாக உதவி நடுவராக, அதாவது ஓரக்கோட்டில் கொடி பிடிப்பவராக, நிற்கப் போகிறேன். கல்லூரி அணியில் இடது பின்களத்தில் ஆடியவள் நான். முழங்கால் காயத்துக்குப் பிறகு ஆட்டத்தை விட மனமில்லாமல் நடுவர் பயிற்சிக்குப் போனேன். எழுத்துத் தேர்விலும் ஓட்டத் தேர்விலும் தேறிவிட்டேன்.

போன வாரம் பயிற்சி ஆட்டம் ஒன்றில் கொடி பிடித்தேன். எனக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் ஓடிய முன்கள வீரருக்கு இரண்டு முறை ஆப்சைடு (சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைவிடக் கோலுக்கு அருகில் இருப்பது) காட்டினேன். இரண்டுமே தவறு என்று ஒருவர் மேலிருந்து எடுத்த கைப்பேசிக் காணொளியில் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பையன் நல்ல ஓட்டம் ஓடியிருந்தான். அவனுக்கு நான் செய்த அநியாயம் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

பந்தை உதைக்கும் நொடியையும் தடுப்பாட்டக்காரர் நிற்கும் கோட்டையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது? உதைக்கும் சத்தத்தைக் கேட்டால் போதும் என்றார்கள். ஆனால் எங்கள் மைதானத்தை ஒட்டியே மின்சார ரயில் போகிறது. அது போகும்போது எதுவும் கேட்பதில்லை.

பழைய லைன்ஸ்மேன் (பெரம்பூர்)

அம்மா, ஒன்றை முதலில் சொல்லுங்கள். அந்த இரண்டு தடவையும் உங்கள் கால் எங்கே இருந்தது? தடுப்பாட்டக்காரருக்கு நேராகவா, இல்லை கோல் பக்கமாகச் சற்று முன்னேறியா?

கொளத்தூர்_கொடி

காணொளியை மறுபடி பார்த்தேன், ஐயா. இரண்டு முறையும் கோல் பக்கமாக ஓரடி ஈரடி முன்னால் இருந்திருக்கிறேன். முன்கள வீரர் வேகமெடுத்ததும், பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் நானும் ஓடத் தொடங்கிவிட்டேன்.

பழைய லைன்ஸ்மேன் (பெரம்பூர்)

அப்படியானால் உங்கள் கண்ணில் குறையில்லை. நின்ற இடம்தான் பொய் சொல்லியிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் மூன்று நாணயங்களை வைத்துப் பாருங்கள். நீங்கள் கோட்டைவிட ஒரு மீட்டர் கோல் பக்கம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தடுப்பாட்டக்காரர் உங்களிடமிருந்து 20 மீட்டர் தூரத்தில். முன்கள வீரர் அவருக்குச் சரி நேராக, 40 மீட்டர் தூரத்தில். உங்கள் பார்வை தடுப்பாட்டக்காரரைத் தொட்டுவிட்டுச் சாய்வாகப் போகும். அது 40 மீட்டரை எட்டும்போது, உண்மையான கோட்டுக்கு ஒரு மீட்டர் பின்னால் விழுந்திருக்கும். சமமாக நிற்கும் பையன் உங்களுக்கு ஒரு மீட்டர் ஆப்சைடாகத் தெரிவான். நீங்கள் ஒரு மீட்டர் பின்தங்கினால் கதை தலைகீழாகும்: அந்தப் பக்கம் ஒரு மீட்டர் ஆப்சைடில் நிற்பவன் சமமாகத் தெரிவான். தடுப்பாட்டக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில், உங்கள் பக்கமாக ஓடுபவருக்கு இவை இரண்டும் எதிராகத் திரும்பும்.

நான் கொடி பிடிக்கத் தொடங்கிய காலத்தில் சமமாக நின்றாலே ஆப்சைடு. 1990-இல் விதி மாறி, சமம் என்றால் ஆட்டம் தொடரலாம் என்றானது. 1996-இல் லைன்ஸ்மேன் என்ற பெயர் போய், எங்களுக்கு உதவி நடுவர் என்ற பெயரும் வந்தது. பெயரும் விதியும் மாறினாலும், கோட்டிலேயே நிற்கும் வேலை அப்படியே இருக்கிறது.

எனவே கண்ணைவிடக் காலுக்கே அதிகப் பயிற்சி கொடுங்கள். ஆட்டம் மெதுவாக இருக்கும்போது மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து நகருங்கள். வேகம் கூடினால் மட்டும் திரும்பி ஓடுங்கள். மெரினா மணலில் ஒரு கோடு கிழித்து, ஒருவரை முன்னும் பின்னும் நடக்கச் சொல்லி, அவர் தோளுக்கு நேராகவே நகர்ந்து பழகுங்கள். மணலில் அரைமணி நேரம் பழகிய கால் புல்லில் தானாக நகரும்.

கொடி விஷயத்திலும் ஒரு சொல். சந்தேகம் வந்தால் உயர்த்திவிடுங்கள். நடுவர் பார்த்து முடிவு செய்வார்.

வாரக்கொடி (தாம்பரம்)

ஐயா சொன்ன கணக்கு முழுவதும் சரி. கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும், ஐயா. சந்தேகம் என்றால் கொடி கீழேயே இருக்க வேண்டும். கொடி உயர்ந்தவுடன் தடுப்பாட்டக்காரர்கள் நின்றுவிடுவார்கள், பிறகு அந்தத் தாக்குதலைத் திருப்பித் தர யாராலும் முடியாது. தங்கையின் மனம் உறுத்துவதும் அதனால்தானே?

ஆப்சைடு நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது. அந்த வீரர் பந்தைத் தொட வேண்டும், அல்லது எதிரணி வீரருக்கு இடையூறாக இருக்க வேண்டும். அதுவரை காத்திருந்து பாருங்கள். கோல் கீப்பரோடு மோதிக் காயம் ஏற்படும் என்று தோன்றினால் மட்டும் உடனே உயர்த்துங்கள்.

ரயில் சத்தத்துக்கு என் வழி இது. பந்து வைத்திருப்பவர் காலைப் பின்னுக்கு இழுக்கும்போது ஒரு கணம் அவரைப் பார்ப்பேன். கால் முன்னே வருவதற்குள் கண் கோட்டுக்குத் திரும்பிவிடும். பந்து கிளம்புவது ஓரக்கண்ணில் தெரியும். முன்கள வீரர் நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறார் என்றால், உங்கள் பார்வை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் அவர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகர்ந்திருப்பார். அதனால் உதைத்த கணத்தில் கோடு எப்படி இருந்தது என்பதைப் படம்போல் மனத்தில் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்தே முடிவெடுங்கள்.

இன்னொன்று: கோட்டைத் தீர்மானிப்பவர் கடைசிக்கு முந்தைய எதிரணி வீரர். அவரைவிடப் பந்து கோலுக்கு அருகில் இருந்தால் பந்தே கோடு. கோல் கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் பின்னால் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். பழக்கத்தில் கீப்பர் பின்னால்தான் இருக்கிறார் என்று கணக்கில் சேர்த்துவிடுவோம், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். த்ரோ-இன் (ஓரக்கோட்டிலிருந்து கையால் எறிவது), கார்னர் (மூலையிலிருந்து உதைப்பது), கோல் கிக் (கோல் முன்னிருந்து உதைப்பது) மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆப்சைடு கிடையாது.

பழைய லைன்ஸ்மேன் (பெரம்பூர்)

தாம்பரத்தார் சொல்வது நியாயம். என் பழைய பழக்கத்தைச் சொல்லிவிட்டேன். அம்மா, அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

கொளத்தூர்_கொடி

இருவருக்கும் மிக்க நன்றி. நாணயங்களை வைத்துப் பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. கொடியை எந்தக் கையில் வைப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. த்ரோ-இன் காட்டும்போது கை மாறிவிடுகிறது.

பள்ளி_மைதானம் (வியாசர்பாடி)

ஓடும்போது நடுவருக்குத் தெரியும் கையில் கொடி விரிந்திருக்க வேண்டும். சைகை காட்ட நின்று, மைதானத்தை நோக்கி, நடுவரின் கண்ணைப் பார்த்த பிறகே உயர்த்துங்கள். அடுத்து எந்தக் கையால் திசை காட்டப் போகிறீர்களோ அந்தக் கையாலேயே உயர்த்த வேண்டும். மாற்ற நேர்ந்தால் இடுப்புக்குக் கீழே மாற்றுங்கள், தலைக்கு மேல் வேண்டாம். ஆப்சைடுக்கு வலது கை நல்லது, பார்வை மறையாது. விசில் ஊதிய பிறகு ஆப்சைடு எங்கே என்று கொடியால் காட்ட வேண்டும்: மேல்நோக்கிச் சாய்ந்தால் எதிர்ப்பக்கம், தரைக்கு இணையாக இருந்தால் நடு, கீழ்நோக்கிச் சாய்ந்தால் உங்கள் பக்கம்.

விதிநூலில் இல்லாத சில விஷயங்களையும் சொல்கிறேன். நம் ஊர் மைதானங்களில் பார்வையாளர்கள் கோட்டின் மேலேயே நிற்பார்கள், மோட்டார் சைக்கிளும் நிற்கும். உங்களுக்கு ஓட இடமே இருக்காது. அரைமணி முன்னதாகப் போய், ஒரு மீட்டராவது தள்ளி நிற்கவைக்கும்படி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். சென்னை வியர்வையில் கைப்பிடி வழுக்கும், பாட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஃபவுலுக்கு எதுவரை நீங்கள் கொடி காட்டலாம் என்பதை நடுவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மாணவிகளிடம் நான் அடிக்கடி சொல்லும் பெயர் திண்டுக்கல்லின் ரூபா தேவி. 2016-இல் ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றவர். அவரும் நம் மாநிலத்து மைதானங்களிலிருந்து போனவர்தான்.

கொளத்தூர்_கொடி (ஞாயிறு மாலை)

ஆட்டம் முடிந்தது. முதல் பாதியில் ஒரு த்ரோ-இன் திசையைத் தவறாகக் காட்டினேன். நடுவர் தன் கையால் திருத்தினார், நானும் உடனே கொடியை மாற்றிவிட்டேன்.

இரண்டாம் பாதியில் அதே நிலைமை மீண்டும் வந்தது. எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு பையன் ஓடினான், ரயிலும் போய்க்கொண்டிருந்தது. என் கால் தடுப்பாட்டக்காரர் தோளுக்கு நேராக இருந்தது. இருவரும் சமம். கொடியை உயர்த்தவில்லை. அவன் கோல் அடித்தான். தடுப்பாட்டக்காரர்கள் கை உயர்த்திக் கத்தினார்கள். நான் நடுவரைப் பார்த்துவிட்டு நடுக்கோடு நோக்கி ஓடினேன். இடைவேளையில் ஒன்றும் சொல்லாத நடுவர், ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோலைக் குறிப்பிட்டுக் கை கொடுத்தார்.

அடுத்த ஞாயிறும் அழைத்திருக்கிறார்கள். இந்த முறை எதிர்ப்பக்கக் கோடு, காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் பக்கம். வெயிலை எதிர்கொண்டு நின்றவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.