இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல், புல்வெட்டி மெஷின்: நல்ல டயாபிரம் கிட் எங்கே கிடைக்கும்?

குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துல மெஷின் ஓட்டுறவங்க கொஞ்சம் சொல்லுங்க. 52 சிசி 2-ஸ்ட்ரோக், டயாபிரம் (மெல்லிய சவ்வு அசைஞ்சு பெட்ரோல் விடுற) கார்புரேட்டர். ஸ்டார்ட் ஆகுது, ஐடிலும் சரி. திராட்டில் கொடுத்தா திணறி அணையுது, சோக் பாதி போட்டா ஓடுது. பெட்ரோல் போதலைன்னு அர்த்தம். பிளக் முனையும் வெள்ளையா இருக்கு. டேங்க் ஃபில்டர், மூடியோட காத்துத் துளை ரெண்டும் சுத்தம். கார்புரேட்டரைப் பிரிச்சா டயாபிரம் விறைச்சுப்போய், நகத்தால தட்டினா காய்ஞ்ச சருகு மாதிரி சத்தம்.

பெட்ரோலையும் பார்த்தாச்சு. அளவுக்கோடு போட்ட குழாயில ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி, தண்ணி 10 மில்லி ஊத்திக் குலுக்கி வச்சா, அடியில தண்ணி 30 மில்லி கிட்ட நிக்குது. எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழ இறங்கிடும், அப்போ எத்தனால் சுமார் 20 சதவீதம். பங்க்ல கலப்படம்னு யாரும் கிளம்பிடாதீங்க, இப்போ வர்றதே இதுதான்.

எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில மூடி லூசான கேன்ல கிடந்தா இன்னும் மோசம். ஈரம் ஏறி எத்தனாலும் தண்ணியும் அடியில பிரியும், பெட்ரோல்ல கலக்குற 2டி (2-ஸ்ட்ரோக்) ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். டேங்க்ல உறிஞ்சுறது அடியில இருந்து. ஆயில் போகாம பிஸ்டன் கீறிடும்.

ஆயிலைக் கூட்டுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. லிட்டருக்கு 40 மில்லி, 25:1 போடுறோம். அதுக்கு மேல போனா அந்த அளவுக்குப் பெட்ரோல்தான் குறையும்.

எத்தனால் தாங்குற டயாபிரம் கிட், பெட்ரோல் ஹோஸ் மார்த்தாண்டம், நாகர்கோவில்ல எந்தக் கடையில இருக்கு? இ20-க்கு எச் ஸ்க்ரூவை (முழு வேகத்துல பெட்ரோல் அளவை மாத்துற திருகு) எவ்வளவு கூடுதலா திறந்து ஓட்டுறீங்க, கால் சுத்தா, அரையா? பிளக் நிறத்தையும் சேர்த்துச் சொன்னா நல்லது.