டெஸ்பைட், அன்லைக், கான்ட்ரரி டு: வீட்டு ஓனருக்கு மெயில் எழுதுமுன்

ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்து பேஸ்மென்ட் வாடகைக்கு எடுத்தவர்களுக்காக எழுதுகிறேன். அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, டெஸ்பைட்டா இன் ஸ்பைட் ஆஃபா என்பது. எது போட்டாலும் சரிதான். பொருள் ஒன்றே, டெஸ்பைட் கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதான். "டெஸ்பைட் ஆஃப்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

உண்மையில் நம்மை வழுக்கிவிடுவது வேறு இடம். "மழை பெய்தும் போனோம்", "மழை பெய்தாலும் போவோம்" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் பேச்சிலேயே தெரியும். ஆங்கிலம் என்றதும் இரண்டையும் டெஸ்பைட்டில் தள்ளிவிடுகிறோம். டெஸ்பைட் "பெய்தும்" வகை: நடந்துவிட்டது, உண்மை, அதையும் மீறி. "பெய்தாலும்" என்றால் ஈவன் இஃப். "பெய்தாலும் பெய்யாவிட்டாலும்" என்றால் ரிகார்ட்லெஸ் ஆஃப். ஒன்றாம் தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே வாடகை கட்டவேண்டும் என்று சொல்ல டெஸ்பைட் உதவாது, ரிகார்ட்லெஸ் ஆஃப் தான்.

இலக்கணம் ஒரே வரி: டெஸ்பைட்டுக்குப் பின் பெயர்ச்சொல், முழு வாக்கியம் வேண்டுமென்றால் ஆல்தோ. "டெஸ்பைட் மை டூ கால்ஸ்", "ஆல்தோ ஐ கால்ட் ட்வைஸ்". ஆல்தோ போட்டுவிட்டு அடுத்த பாதியில் பட் வேண்டாம்.

அடுத்தது அன்லைக், கான்ட்ரரி டு குழப்பம். மேல்மாடி கதகதப்பாக இருக்கிறது, உங்கள் பேஸ்மென்ட் 17 டிகிரியில் உறைகிறது என்று வையுங்கள். இரண்டு இடங்களை ஒப்பிடுகிறீர்கள், ஆகவே "அன்லைக் தி அப்ஸ்டேர்ஸ் யூனிட்". ஏஜென்ட் ஹைட்ரோவும் வாடகையில் சேர்த்தி என்றார், இப்போது தனியாக பில் வருகிறது (இங்கே கரன்ட் பில்லுக்குத்தான் ஹைட்ரோ என்று பெயர், தண்ணீருக்கு அல்ல). இங்கே மறுப்பது ஒருவர் சொன்ன பேச்சை, ஆகவே "கான்ட்ரரி டு வாட் தி ஏஜென்ட் டோல்ட் மீ". "கான்ட்ரரி டு மை பிரதர், ஐ ஆம் வெஜிடேரியன்" என்று எழுதினால், நீங்கள் சைவம் இல்லை என்று அண்ணன் சொல்லித் திரிகிற மாதிரி ஆகிவிடும்.

தொனியையும் பாருங்கள். "டெஸ்பைட் மை டூ கால்ஸ், தி ஹீட் இஸ் ஸ்டில் ஆஃப்" என்பது சரியான ஆங்கிலம்தான், ஆனால் விரல் நீட்டிப் பேசுகிற ஆங்கிலம். முதல் மெயிலில் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது மெயிலுக்கு அதுவே பொருத்தம். என்றைக்காவது வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டுக்குப் போக நேர்ந்தால், ஏற்கெனவே சொல்லியும் நடக்கவில்லை என்பதற்கு அந்த வரியே பேசும்.

டெஸ்பைட்டுக்குச் சட்ட மொழியில் நாட்வித்ஸ்டாண்டிங் என்றும் ஒரு சொல் உண்டு. அதை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, படிக்கத் தெரிந்தால் போதும். கனடா அரசியலில் நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ் என்று செய்தியில் அடிபடுவது 1982 உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவு. லீஸிலும் இந்தச் சொல் தலைகாட்டும். அதை ஒட்டி வருவது தோற்கும், மீதி வாக்கியம் ஜெயிக்கும். "நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ் 4" என்றிருந்தால் நான்காவது ஷரத்து அங்கே செல்லாது.

ஒன்டாரியோவின் 2006 வாடகைச் சட்டம் 3ஆம் பிரிவில் இதே வேலையை டெஸ்பைட் செய்கிறது: வேறு எந்த ஒப்பந்தம் இருந்தும் இந்தச் சட்டமே பொருந்தும் என்கிறது. அதனால்தான் லீஸில் செல்லப்பிராணி கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், 14ஆம் பிரிவின்படி அந்த வரி செல்லாது. காண்டோ (வீட்டுக்கு வீடு தனி ஓனர் உள்ள அடுக்குமாடி) என்றால் கட்டடத்தின் சொந்த விதிகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். அப்புறம், சமையலறையையோ குளியலறையையோ ஓனர் குடும்பத்தோடு பகிர்கிற ஏற்பாடு என்றால், ஓனரும் அதே கட்டடத்தில் வசித்தால், இந்தச் சட்டமே உங்களுக்குக் கிடையாது. அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.