பெர்லினில் சைக்கிள் டூர்: ஊரைப் பார்ப்பதா, முன்னால் போகிறவர் முதுகைப் பார்ப்பதா?

திசைகாட்டி:
மே மாதம் நண்பர்கள் ஐந்து பேர் பெர்லின் போகிறோம். கையில் இருப்பது மூன்றே நாள். முதல் நாளே வழிகாட்டியோடு போகும் சைக்கிள் டூரில் சேர்ந்துவிடலாம் என்பது என் கட்சி. மூன்றரை மணி நேரம், பத்துப் பன்னிரண்டு இடங்களில் நிறுத்திக் கதை சொல்வார்களாம். கூட வருகிற ஒருவன் மட்டும் "மந்தை மாதிரி ஒருத்தர் பின்னால் போக என்னால் முடியாது" என்று அடம்பிடிக்கிறான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், யார் சொல்வது சரி?

நடராஜா சர்வீஸ்:
நான் உங்கள் நண்பர் கட்சி. போன வருடம் நாங்கள் ஆறு பேர் அப்படித்தான் போனோம். பாதி நேரம் நான் பார்த்தது எனக்கு முன்னால் போனவரின் முதுகைத்தான்.

பெபல்பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம். 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்திய இடம். அதன் நினைவாகத் தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும். கீழே ஓர் அறை, சுற்றிலும் வெள்ளை அலமாரிகள், ஒரு புத்தகம்கூட இருக்காது. ஆனால் பகலில் எட்டிப் பார்த்தால் வானமும் நம் தலையும்தான் அதில் தெரியும். குனிந்து, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, கண் பழகும் வரை பொறுக்க வேண்டும். எனக்கு அலமாரி தெரிய ஆரம்பித்த நேரம் பார்த்து வழிகாட்டி மணி அடித்துவிட்டார். நிமிர்ந்தால் எல்லாரும் வண்டியில் ஏறி எனக்காகக் காத்திருக்கிறார்கள். மறுநாள் நடந்தே போய் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அப்புறம் முதல் நாள் கொடுத்த காசு எதற்கு?

இரட்டைச் சக்கரம்:
மறுநாள் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததே முதல் நாள் டூரால்தானே ஐயா! அதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா?

பெர்லின் பரப்பில் பாரிஸைப் போல எட்டு மடங்கு. நடந்தால் ஒரு பேட்டை முடிவதற்குள் கால் கெஞ்சும். சுரங்க ரயில் என்றால் இங்கே முழுகி அங்கே எழுவீர்கள், நடுவில் என்ன இருந்தது என்பதே தெரியாது. ஊரோ தட்டை, மிதிக்கச் சிரமமே இல்லை.

ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த மதில் நின்ற இடத்தைச் சாலையில் இரண்டு வரிசைக் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். சைக்கிள் அதைத் தாண்டும்போது கைப்பிடியில் டடக் என்று ஒரு சின்ன உதறல். எங்கள் வழிகாட்டி ஒன்றுமே சொல்லாமல் ஐந்தாறு தடவை அதைத் தாண்ட வைத்தார். பிறகு நிறுத்தி, "இப்போது நிற்பது கிழக்கிலா மேற்கிலா?" என்றார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மதில் நேர்கோடாக ஓடியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எப்படி வளைந்து நெளிந்து ஊரை அறுத்திருக்கிறது என்பது கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

நடராஜா சர்வீஸ்:
அந்தக் கல்லைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமா? மேற்கு பெர்லினைச் சுற்றி மதில் இருந்த தடத்திலேயே சுமார் 160 கிலோமீட்டருக்குப் பாதை போட்டுப் பலகையும் வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து அதில் ஒரு துண்டை மட்டும் ஓட்டுங்கள். பெர்னவர் தெருவில் இறங்கிவிடுங்கள். அங்கே ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில், அவற்றின் வாசல் நடைபாதை மேற்கில். 1961 ஆகஸ்டில் எல்லையை அடைத்தபோது அந்த வீட்டு ஜன்னல்களிலிருந்து மேற்குப் பக்கம் குதித்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் டூர்காரர்களின் பத்து நிமிட நிறுத்தம் போதாது.

பச்சை விளக்கு:
ஒன்பது வருடமாக இங்கே தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவன் நான். வந்த அன்றைக்கே தனியாக வண்டி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. போக்குவரத்து வலப்பக்கம். நேராகப் போகும் வரை ஒன்றும் தெரியாது, இடப்பக்கம் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் காலை வாரும். டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் அபராதம் 55 யூரோ, சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60. வழி பார்க்கப் போனை எடுத்து மாட்டுவது யார்? நடராஜா கட்சிக்காரர்கள்தான்.

அதே சமயம் டூர்காரர்கள் மேலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. காலையில் அவசரமாகப் போகும்போது இருபது பேர் பாதையை அடைத்துக்கொண்டு கதை கேட்பார்கள்.

இரட்டைச் சக்கரம்:
இருபது பேர் என்றால் சட்டமே அவர்கள் பக்கம் சார். பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்து ஓட்டினால் ஒரே வண்டி மாதிரிதான் கணக்கு. முதல் ஆள் பச்சையில் கடந்துவிட்டால் நடுவில் சிவப்பு விழுந்தாலும் வால் வரை போகலாம்.

பச்சை விளக்கு:
போகலாம், இடைவெளி விடாமல் ஒட்டி வந்தால். நடுவில் இரண்டு பேர் படம் எடுக்க நின்றுவிட்டால் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் சிவப்பில் தாண்டுகிறவர்கள், அவ்வளவுதான். தவிர அந்தச் சலுகை ஓட்டுவதற்கு, பாதையில் நின்று பேசுவதற்கு இல்லை. திசைகாட்டி, சின்னக் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

கடைசி பெஞ்ச்:
எல்லாரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் நாலு தோழிகள் போனபோது வாலில் வந்தவள் நான். சைக்கிளைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கொடுத்த வண்டியில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். எனக்கோ சிக்னலில் நிற்கும் முன் பெடலைச் சும்மா பின்னால் சுழற்றும் பழக்கம். சுழற்றினேன், வண்டி பொசுக்கென்று நின்றது, பின்னால் வந்தவர் என் மேல் வந்து விழுந்தார். முழங்கை சிராய்ப்பு இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது கதை முடிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

டெம்பல்ஹோஃப் மட்டும் விதிவிலக்கு. 2008இல் மூடிய விமான நிலையம், 2010 முதல் பூங்கா. ஓடுபாதையை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே வழிகாட்டி, "அரை மணி நேரம் இஷ்டத்துக்கு ஓட்டுங்கள்" என்று விட்டுவிட்டார். விமானம் ஓடிய அகலம் ஆயிற்றே, நாலு பேரும் ஒரே வரிசையில் ஓட்டினோம். அங்கே வால் என்று யாரும் இல்லை.

நடராஜா சர்வீஸ்:
பார்த்தீர்களா! வழிகாட்டி வாயை மூடிக்கொண்ட அரை மணி நேரம்தான் மனதில் நின்றிருக்கிறது.

கடைசி பெஞ்ச்:
அங்கே கூட்டிக்கொண்டு போனது யார் அண்ணா? எனக்கு அவர் மேல் வருத்தமே இல்லை. "எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு" என்று முன்கூட்டியே சொல்லாத என் மேல்தான்.

திசைகாட்டி:
கடைசி பெஞ்ச் எழுதியதைப் படித்துவிட்டு அடம்பிடித்த நண்பனையே நேராகக் கேட்டேன். மந்தையாவது கிந்தையாவது! பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவனாம். எங்கள் முன்னால் தடுமாறக் கூச்சம். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் கிடைக்குமா?

இரட்டைச் சக்கரம்:
சில இடங்களில் கிடைக்கும், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஓட்டத் தெரிந்தவர் முன்னால், உங்கள் நண்பர் பின்னால். பிரேக், திருப்பம் எதுவும் அவர் பொறுப்பில்லை.

நடராஜா சர்வீஸ்:
பாவம் அந்த நண்பர். இனி நிஜமாகவே மூன்றரை மணி நேரமும் உங்கள் முதுகுதான் அவருக்கு பெர்லின்.