காலிபர்: குழல்விட்டமா, புழையா? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், சுங்கை சிப்புட், மலேசியா:
அனைவருக்கும் வணக்கம். வட்டாரத் தோட்டங்களுக்குக் காவலர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றின் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆறாம் பக்கம் முழுக்க, தற்காப்புக்கு ஏற்றது சிறிய காலிபர் கைத்துப்பாக்கியா, பெரியதா என்ற ஒப்பீடு. காலிபருக்கு, அதாவது துப்பாக்கிக் குழாயின் உள்ளளவுக்கு, 'விட்டம்' என்று போட்டுப் பார்த்தேன். பாதி வாக்கியங்களில் பொருள் கெடுகிறது. வேறு எந்தச் சொல் சரி? 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது என்பதால், படிக்கப் போகிறவர்கள் பணிக்காக ஆயுதம் ஏந்துபவர்கள் மட்டுமே. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழை நிறுத்தியவர்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு):
புழை. மேலே தேட வேண்டியதில்லை. புழைக்கை என்றால் துதிக்கை, உள்ளே துளையோடும் கை. துப்பாக்கிக் குழாயும் அதுவே. மலைபடுகடாத்துக் 'களிற்றுயிர்த் தூம்பு' (துதிக்கை போன்ற ஊதுகுழல்) நினைவிருக்கும். அவ்வழியில் 'தூம்பளவு' என்றும் சொல்லலாம். பெரும்புழை, சிறுபுழை என்று அடைகொடுத்தால் ஆறாம் பக்கம் முடிந்தது. (குறள் 12இல் வரும் 'துப்பாக்கி'யை யாரும் இழுக்க வேண்டாம். சுடும் துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல்.)

கிராணியார் (ஓய்வு):
ஐயா, தூம்பு என்றால் நம் ஆட்களுக்குச் சாக்கடைக் குழாய்தான். அதை விடுங்கள். தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருக்கும் பன்னிரண்டு 'போர்' (bore) துப்பாக்கிக்கு உங்கள் 'பெரும்புழை' எப்படிப் பொருந்தும்? ஒரு ராத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழாயில் சரியாக நுழையுமோ அது பன்னிரண்டு போர், 18.5 மி.மீ. இருபது போர் 15.6 மி.மீ.தான். எண் ஏற ஏறக் குழாய் சிறுக்கும். அதே கடையில் .410 என்று விற்பது மட்டும் அங்குலத்தில் அளந்த விட்டம். காவலர் கையில் பெரும்பாலும் இருப்பது பன்னிரண்டு போர். அதையும் மூடும் சொல்லாகச் சொல்லுங்கள்.

ஆயுதப் பயிற்சியாளர் (முன்னாள் சார்ஜன்):
அம்மா, 'விட்டம்' இடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. காலிபர் என்று வழங்கும் எண் பல இடங்களில் அளவே இல்லை, வெறும் பெயர். .38 ஸ்பெஷல் குண்டின் உண்மை விட்டம் 0.357 அங்குலம். .357 மேக்னமும் அதே. 9 மி.மீ. குண்டு 0.355, .380உம் 0.355. நான்கு பெயர்கள், வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு. வேறாவது தோட்டா உறையின் நீளமும் வெடிமருந்தும்தான்: .380க்கு உறை 17 மி.மீ., 9 மி.மீ.க்கு 19, ஸ்பெஷலுக்கு 29, மேக்னத்துக்கு 33. மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம். ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் நுழையக் கூடாது என்பதற்காகவே உறையை நீட்டினார்கள். 'விட்டம் ஒன்றுதானே' என்று படித்தவர் தவறான பெட்டியைத்தான் எடுப்பார். அளவு வரும் இடத்தில் குழல்விட்டம், பெயர் வரும் இடத்தில் தோட்டா வகை. இரண்டு சொல் வேண்டும்.

தனித்தமிழ் அன்பர், தாப்பா:
சார்ஜன் ஐயா சொன்னது சரியே. ஆனால் காலிபரை அயற்சொல் என்று முடிவு கட்டியது யார்? வாய்க்காலில் உள்ள கால்தான் அது. கால் என்றால் வழி, குழாய், காற்று. காற்று ஓடும் குழாய்...

தமிழாசிரியர்:
தம்பி, அது அரபு 'காலிப்'. வார்ப்பு அச்சு என்று பொருள். கிரேக்கத்துச் செருப்புக் கட்டைவரை அதைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. உங்கள் வாய்க்கால் அவ்வளவு தூரம் ஓடாது.

கிராணியார்:
அரபோ கிரேக்கமோ, மலாயிலும் காலிபர்தான். காவல் நிலையத்திலும் அதுதான் காதில் விழும். 'வடவெழுத்து ஒரீஇ' (வடவெழுத்தை விலக்கி) என்று தொல்காப்பியரே வழிவிட்டார். காலிபரில் ஒரீஇக்கொள்ள ஓர் எழுத்துகூட இல்லை. அப்படியே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 'எதிரியை நிறுத்தும் ஆற்றல் பெரிய காலிபருக்கே' என்று ஒரு வரி. 'நிறுத்துதிறன்' சரியா? குண்டின் எடையைச் சொல்லும் கிரெயினைக் குன்றிமணி ஆக்கலாமா?

ஆயுதப் பயிற்சியாளர்:
குன்றிமணி வேண்டாம், எடை ஏறத்தாழ இரட்டித்துவிடும். கிராமிலேயே போடுங்கள்: 115 கிரெயின் 7.5 கிராம், 147 கிரெயின் 9.5, 230 கிரெயின் 15.

'நிறுத்துதிறன்' சொல்லாகச் சரி, கருத்தாகப் பழசு. 1904இல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தாம்சனும் லகார்டும் சிகாகோ இறைச்சிக்கூட மாடுகளைச் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறையக் கூடாது என்றார்கள். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த மோதலில் ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையன் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தை எட்டுமுன் நின்றது, அமெரிக்க எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். அதன் பிறகு 10 மி.மீ., .40 என்று ஏறினார்கள். 2014இல் அவர்களின் பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்றது, குண்டின் அமைப்பு மேம்பட்டதால். அவர்கள் பார்ப்பது உடல்தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 30 முதல் 45 செ.மீ.வரை ஊடுருவல். அதைத் தொட்டுவிட்டால், கைத்துப்பாக்கிகளுக்குள் விட்ட வேறுபாட்டால் வரும் ஆதாயம் சிறிது. குண்டு எங்கே படுகிறது என்பதே பெரிது.

.45 குண்டு 15 கிராம், விநாடிக்கு 250 மீட்டர். 9 மி.மீ. 7.5 கிராம், 350 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், .45க்கு உந்தம் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். உதைப்பும் அதற்கேற்பக் கூடும். இரண்டாம் குண்டுக்குக் குறி திரும்பத் தாமதமாகும். பழைய .45 கைத்துப்பாக்கியில் ஏழு தோட்டா, 9 மி.மீ. பெரெட்டா 92இல் பதினைந்து. அதற்காக மிகச் சிறியதற்கும் இறங்கக் கூடாது. .22 தோட்டாவில் பற்றுமருந்து உறையின் விளிம்புக்குள் இருக்கிறது; சீராகப் பரவாத இடத்தில் அடி விழுந்தால் பற்றாது. .380இல் குழிமுனைக் குண்டு (பட்டதும் விரிய முனையில் குழியிட்டது) விரிந்தால் 30 செ.மீ. எட்டாமல் நிற்பதுண்டு. தடித்த துணி குழியை அடைத்தால் விரியாமல் ஊடுருவிப் போய்விடும். முழுக்க உலோக மேலுறையிட்ட 9 மி.மீ. குண்டு லயத்துப் பலகைச் சுவரையும் தாண்டும். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
'தோட்டா பாய்ந்தது' என்று நாளிதழ்கள் எழுதுவதையும் கண்டியுங்கள் ஐயா. பாய்வது குண்டு, உறை வெளியே விழும். பழைய தமிழில் துப்பாக்கியின் சுடும் விசைக்குக் 'குதிரை' என்ற பெயர் இருந்தது, அதையும் 'விசை' தின்றுவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. அளவுக்குக் குழல்விட்டம், பெயருக்குத் தோட்டா வகை, முதல் வரியில் மட்டும் 'காலிபர் என வழங்குவது'. பன்னிரண்டு போர் அப்படியே நிற்கும். 'நிறுத்துதிறன்' வரியை நிறுவனத்திடம் சொல்லித் திருத்துகிறேன். நால்வரில் மூவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிராணியார்:
இரண்டரை. எனக்குக் காலிபர் எல்லா இடத்திலும் வேண்டும்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். புழை.